கிராமத்துக்கு அனுப்பிய பிள்ளைகளைப் பெற்றோர் ஏன் சீக்கிரமே திரும்ப அழைத்தார்கள்?

வாசகி:
இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது பிரிட்டனில் நகரத்துப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பியதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1939 செப்டம்பர் 1 தொடங்கி மூன்றே நாளில், தாய்மார்களையும் சேர்த்து சுமார் 15 லட்சம் பேர் கிளம்பியிருக்கிறார்கள். ஆனால் 1940 ஜனவரிக்குள் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் வீடு திரும்பிவிட்டார்கள். குண்டுக்குப் பயந்து அனுப்பியவர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் கூட்டிவந்தார்கள்? அலட்சியமா?

கூடல்:
குண்டு விழவில்லை, அதுதான் முதல் காரணம். லண்டன்மீது தொடர் குண்டுவீச்சு 1940 செப்டம்பர் 7 அன்றுதான் ஆரம்பித்தது. பணமும் சேர்ந்துகொண்டது. 1939 அக்டோபர் கடைசியிலிருந்து பிள்ளையின் செலவுக்கென்று வசதிக்கேற்ப வாரம் 6 ஷில்லிங் வரை பெற்றோரிடம் அரசு கேட்டது.

விடுதிக்காப்பாளர்:
அலட்சியம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிள்ளைகள் விடுதியில் பல வருஷமாக வேலை பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். பிள்ளை எந்த ஊருக்குப் போகிறது என்றே பல தாய்மார்களுக்குத் தெரியாது. சட்டையில் பெயர்ச்சீட்டு, தோளில் அட்டைப்பெட்டிக்குள் விஷவாயு முகமூடி, கூடவே ஒரு தபால் அட்டை. போய்ச் சேர்ந்த முகவரியை அதில் எழுதிப் போட்டால்தான் வீட்டுக்குச் சேதி. பல ஊர்களில் மண்டபத்தில் நிற்கவைத்து, வீட்டுக்காரர்கள் பார்த்துப் பிடித்த பிள்ளையைக் கூட்டிப்போனார்கள். அண்ணன் ஒரு வீட்டில், தங்கை இன்னொரு வீட்டில். யாரும் கூப்பிடாமல் கடைசிவரை நின்ற பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்புறம், படுக்கையை நனைப்பது. அன்று அது பெரிய புகார். வளர்ப்பு சரியில்லை என்று நகரத்துத் தாய்மார்களைத்தான் திட்டினார்கள். புது இடத்துக்கு வந்தால் நன்றாக வளர்ந்த பிள்ளைகூட நனைக்கும். விடிவதற்குள் விரிப்பைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைக்கும். அதட்டினால் அதிகமாகும். ஒன்றும் சொல்லாமல் விரிப்பை மாற்றிவிட்டால் மெல்ல நிற்கும். குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்த அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் போர்க்காலத்தில் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்தினார்கள். தாய் பக்கத்தில் இருந்தால் குண்டுவீச்சைக்கூடத் தாங்கிக்கொள்ளும் சின்னக் குழந்தைகள், தாயைப் பிரிந்தால் தாங்குவதில்லை என்பதை அங்கே கண்கூடாகப் பார்த்து எழுதினார்கள்.

அனுப்பியதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ரயிலுக்கு அவ்வளவு கச்சிதமாகத் திட்டம் போட்டவர்கள், இறங்கிய பிள்ளை யார் கைக்குப் போகிறது என்பதில் அதில் பாதி அக்கறைகூடக் காட்டவில்லை.

வாசகி:
தபால் அட்டை விஷயம் எனக்குப் புதிது. ஒரு வகுப்பையே ஆசிரியரோடு ஒரே இடத்தில் தங்கவைத்திருக்கலாமே?

விடுதிக்காப்பாளர்:
ஜப்பானில் 1944இல் அப்படித்தான் செய்தார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை ஆசிரியர்களோடு அனுப்பி, கோயில்களிலும் விடுதிகளிலும் தங்கவைத்தார்கள். தெரிந்த முகங்கள் கூட இருந்தன, ஆனால் பசியும் பேனும் பிடுங்கின. 1945 மார்ச்சில் ஆறாம் வகுப்பை முடிக்க டோக்கியோவுக்குத் திரும்பிய பிள்ளைகளில் பலர் மார்ச் 10 குண்டுவீச்சில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களைத் திரும்ப வரவைத்தது பெற்றோரின் அவசரம் இல்லை, பள்ளியின் கால அட்டவணை.