கதவில் தகரம் வரை இறங்கிய கீறல்: டச்-அப் போதுமா?

வெள்ளிக்கதவு:
காரின் இடது பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே 22 செ.மீ. நீளத்துக்கு ஒரு கீறல். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் நன்றாகத் தட்டுகிறது. பெரும்பாலும் அடியில் சாம்பல் நிறம், நடுவில் 4 செ.மீ. மட்டும் தகரம் தெரிகிறது. அகலம் எங்கும் 1 மி.மீ.க்கு மேல் இல்லை. தகரம் ஒடுங்கவும் இல்லை. நிறம் மெட்டாலிக் சில்வர். பெயின்ட் எண் பார்த்து, பேஸ் கோட் (நிறப்பூச்சு), கிளியர் கோட் (அதன்மேல் நிறமில்லாத பூச்சு) இரண்டும் உள்ள டச்-அப் செட் வாங்கிவிட்டேன். பிரைமர் (அடிப்பூச்சு) கட்டாயமா? சுற்றிலும் உப்புத்தாள் போட வேண்டுமா? காம்பவுண்ட் (பாலிஷ் பசை) போட்டுத் தேய்த்தாலே போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

பட்டறைக்குறிப்பு:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போகாது. கம்பெனி பெயின்ட் மொத்தமே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான், ஏறக்குறைய ஓர் ஏ4 தாளின் கனம். அதில் மேலே இருக்கும் கிளியர் 40, 50 மைக்ரான். காம்பவுண்ட் என்பது அந்தக் கிளியரைச் சீவிச் சமப்படுத்துவது. கீறலில் தண்ணீர் தடவியதும் கண்ணுக்கு மறைந்தால் அது கிளியரோடு நின்ற கீறல், அதற்குக் காம்பவுண்ட் போதும். உங்களுடையது பிரைமரைத் தாண்டிவிட்டது. அதைத் தேய்த்தே எடுக்கப் பார்த்தால் சுற்றியுள்ள கிளியர்தான் தீரும்.

சுற்றிலும் உப்புத்தாளும் வேண்டாம். 1 மி.மீ. கோட்டைச் சுற்றித் தேய்த்தால் அது கையகல வேலையாகிவிடும், பிறகு ஸ்பிரே இல்லாமல் முடியாது. 3 மி.மீ.க்கு மேல் அகலம், அல்லது ஓரத்தில் பெயின்ட் செதிலாகப் பெயர்கிறது என்றால் மட்டுமே அந்த வழி.

தகரம் தெரியும் 4 செ.மீ.க்குப் பிரைமர் கட்டாயம். பேஸ் கோட் வெறும் உலோகத்தில் சரியாகப் பிடிக்காது, ஈரத்தையும் தடுக்காது. துரு பெயின்ட்டுக்கு அடியிலேயே ஓரமாகப் பரவி, சில மாதங்களில் கொப்புளமாக எழும்பும்.

வண்டியைக் கழுவிக் காயவிடுங்கள். 400 நம்பர் உப்புத்தாளை இரண்டாக மடித்து, அந்த மடிப்பு விளிம்பைக் கீறலுக்குள் மட்டும் ஓட்டுங்கள். துருவின் பழுப்பு நிறம் துளியும் மிஞ்சக் கூடாது. பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியாகும் முன் வேறொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணி என்றால் மெழுகை இடம் மாற்றித் தேய்ப்பதுதான் நடக்கும். மெழுகோ சிலிக்கானோ மிஞ்சினால் பெயின்ட் அங்கே ஒட்டாமல் வட்டவட்டமாக விலகும்.

பாட்டில் மூடியில் இருக்கும் தூரிகையைத் தொடாதீர்கள், கீறலைவிட அது அகலம். பல்குச்சி முனையில் ஒரு சொட்டு எடுத்துக் கீறலில் வைத்தால் அதுவே உள்ளே ஓடிப் பரவும். பிரைமர் மெல்லியதாக ஒரு முறை, ஒரு மணி நேரம் காயவிட்டு பேஸ் கோட். வெயிலில் சூடான தகரத்திலும், மழை ஈரம் உள்ள நாளிலும் செய்யாதீர்கள்.

நுண்துகள்:
மேலே சொன்னது எல்லாம் சரி. மெட்டாலிக் என்பதால் ஒன்றைச் சேர்க்க வேண்டும், இங்கேதான் பலர் வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்: பேஸ் கோட்டை விளிம்பு வரை நிரப்பிவிடுகிறார்கள். அப்புறம் கிளியருக்கு இடமே இல்லை. சமப்படுத்தத் தேய்க்கும்போது உப்புத்தாள் நேராக பேஸில் மினுங்கும் அலுமினியத் துகள்களை அறுக்கும், அந்த இடம் கறுத்துத் திட்டாகிவிடும். அது தெரிந்தால் மறுபடி பேஸிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஆகவே பேஸ் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். சாம்பல் மறைந்தால் போதும். மெல்லியதாக 2, 3 தடவை, இடையில் அரை மணி. மேடு ஆவது கிளியராகவே இருக்கட்டும்.

துகள் பாட்டிலின் அடியில் தங்கும். 2 நிமிடமாவது குலுக்குங்கள், ஒவ்வொரு சொட்டுக்கு முன்னும் மறுபடி. வெள்ளை அட்டையில் ஒரு சொட்டு வைத்து, காய்ந்ததும் மேலே கிளியர் தடவி, பிறகு கதவோடு ஒப்பிடுங்கள். கிளியர் இல்லாமல் பார்த்தால் நிறம் ஏமாற்றும்.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும், ஸ்பிரேயில் துகள்கள் படுத்துக் கிடக்கும், சொட்டு வைத்ததில் தாறுமாறாக நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் கோடு கொஞ்சம் கறுப்பாகத் தெரியத்தான் செய்யும். இரண்டு எட்டு தள்ளி நின்றால் கண்ணில் படாது. சில்வரில் இதற்கு மேல் டச்-அப்பில் எதிர்பார்க்காதீர்கள்.

வெள்ளிக்கதவு:
மிக்க நன்றி. பேஸ் 3, கிளியர் 4 தடவை வைத்தாயிற்று. கிளியர் இப்போது வரப்பு போல மேலே நிற்கிறது. மூன்று நாளாகிறது, தொட்டால் ஒட்டவில்லை. 2000 நம்பர் உப்புத்தாள் போடலாமா? ஓரிடத்தில் கடுகளவு குமிழும் இருக்கிறது.

பட்டறைக்குறிப்பு:
இன்னும் போடாதீர்கள். டச்-அப் கிளியர் ஹார்டனர் (கெட்டியாக்கும் திரவம்) கலக்காத ஒன்-கே வகை. மேலே தோல் கட்டினாலும் உள்ளே தின்னர் மிச்சமிருக்கும். அது வெளியேற வெளியேற கிளியர் சுருங்கும். இன்று சமமாகத் தேய்த்தால் அடுத்த வாரம் அதே இடம் பள்ளம். குறைந்தது ஒரு வாரம் விடுங்கள், குளிர்காலமென்றால் இரண்டு.

குமிழ் வந்தது ஒரு சொட்டு தடிமனாக விழுந்ததால். ஊசியால் குத்தித் திறந்து, ஒருநாள் காயவிட்டு, அதில் மட்டும் கிளியர் வையுங்கள். காத்திருக்கும் நாட்களை அந்தச் சொட்டு விழுந்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

தேய்க்கும்போது, வரப்பை ஒட்டி இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். விரலால் தேய்க்கவே கூடாது, விரல் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். 2 செ.மீ. அளவில் கெட்டியான அழிரப்பரை வெட்டி, 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தொட்டு, பாரம் கொடுக்காமல் வரப்பின் நீளவாக்கில் ஓட்டுங்கள். பத்து ஓட்டுக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். வரப்பு டேப் உயரத்துக்கு வந்ததும் டேப்பை எடுத்துவிட்டு, மீதியை 3000 நம்பரால் முடியுங்கள். மங்கலுக்கு நடுவே பளபளப்பான புள்ளி தெரிந்தால் அது பள்ளம். அதைத் துரத்திக்கொண்டு கீழே போகாமல் இன்னொரு சொட்டு கிளியர் வையுங்கள்.

கதவின் மடிப்புக் கோடு பக்கத்தில் இருந்தால் அதன்மேல் பேப்பர் படவே கூடாது. அந்த முனையில் கிளியர் சீக்கிரம் அறுந்துவிடும்.

நுண்துகள்:
காம்பவுண்டைக் கையாலேயே போடுங்கள், ஸ்பாஞ்சில், நீளவாக்கில். மெஷின் சூட்டில் ஒன்-கே கிளியர் இளகி இழுபடும். இனி அந்த இடத்தில் தின்னர், பெட்ரோல், ஆல்கஹால் எதையும் வைத்துத் துடைக்காதீர்கள், கரைந்துவிடும். மெழுகு ஒரு மாதம் கழித்து.