எஃகு மேசையா, மர மேசையா? மருத்துவக் கருவிகள் பழுதுபார்க்கும் பிரிவுக்கு மேசை வாங்க ஆலோசனை தேவை

கேள்வி:
வணக்கம். தனியார் மருத்துவமனை ஒன்றின் பயோமெடிக்கல் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களுக்குப் புதிய அறை ஒதுக்கப்பட்டுள்ளதால் நான்கு மேசைகள் வாங்க வேண்டும். துடைப்பது எளிது என்பதால் அறுவை அரங்கில் உள்ளதைப் போன்ற துருப்பிடிக்காத எஃகு மேசைகளையே வாங்கிவிடலாம் என்கிறது கொள்முதல் பிரிவு. அப்படிப்பட்ட மேசை ஒன்று ஏற்கெனவே எங்களிடம் உள்ளது. எனக்குத் தயக்கம் வந்ததே அதனால்தான். சென்ற வாரம் சளியையும் இரத்தத்தையும் உறிஞ்சி எடுக்கும் ஒரு சக்ஷன் மெஷினின் கசிவு மின்னோட்டத்தை (கருவியின் உடலுக்குக் கசியும் மின்சாரத்தை), எர்த் துண்டித்த நிலையில், அந்த மேசையில் வைத்து அளந்தபோது 90 மைக்ரோ ஆம்பியர் காட்டியது. அதே மெஷினைப் பழைய மர மேசைக்கு மாற்றி அளந்தால் 610. வரம்பு 500 என்பதால், ஒரு மேசையில் தேறிய கருவி அடுத்த மேசையில் தேறவில்லை. எதை நம்புவது?

பதில் 1:
மர மேசையை நம்புங்கள். மெஷினின் அடிப்பகுதியைப் பார்த்தீர்களா? உலோக உடல் எர்த் செய்யப்பட்ட எஃகைத் தொட்டால், கசிவில் பெரும்பகுதி சோதனைக் கருவியின் வழியாகச் செல்லாமல் மேசை வழியாகவே தரைக்குப் போய்விடும். மீதியை மட்டுமே நீங்கள் அளந்திருக்கிறீர்கள்.

கேட்டவர்:
பார்த்தேன் ஐயா. நான்கு ரப்பர் கால்களில் ஒன்று இல்லை. அந்த இடத்தில் திருகின் தலை மட்டும் பளபளவென்று தேய்ந்து நிற்கிறது. மெஷினை வார்டிலிருந்து உடனே திரும்பப் பெற்றுவிட்டோம்.

பதில் 2:
மின்னணுப் பலகைகளைத் திறந்து வேலை செய்யும் மேசைக்கு எஃகு வேண்டவே வேண்டாம். மின்சாரம் உள்ள பலகை சற்று நழுவினாலே குறுக்குச் சுற்று ஏற்படும். கெட்டியான பிளைவுட் மேல் லாமினேட் ஒட்டி, அதன்மேல் நிலைமின்சாரத்தை மெல்லக் கடத்தும் விரிப்பைப் போடுங்கள். அதன் மின்தடை 10 லட்சம் ஓமுக்கும் 100 கோடி ஓமுக்கும் இடையில் இருக்க வேண்டும். சாதாரண ரப்பர் விரிப்பை அதே நிறத்தில் தந்து ஏமாற்றுபவர்களும் இருப்பதால், வந்தவுடன் மெகரால் (உயர் மின்தடையை அளக்கும் கருவியால்) அளந்து பாருங்கள். கசிவு அளக்கும்போது அந்த விரிப்பையும் சுருட்டிவிடுவது என் வழக்கம். உடலின் நிலைமின்சாரத்தை எர்த்துக்குக் கடத்த அணியும் மணிக்கட்டுப் பட்டையில் 10 லட்சம் ஓம் தடை கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டரைத் திறக்கும்போது பட்டையைக் கழற்றிவிடுங்கள். மின்னேற்றத்தைச் சேமிக்கும் அதன் கெப்பாசிட்டர், சுவிட்சை அணைத்த பிறகும் மின்னேற்றத்தைத் தாங்கியிருக்கலாம்.

பதில் 3:
எஃகுக்கும் ஓரிடம் உண்டு. சக்ஷன் மெஷின், நெபுலைசர் போன்றவை நோயாளியின் சளியோடும் இரத்தத்தோடும் வருவதால், கதவுக்கு அருகில் தொட்டியுடன் கூடிய ஓர் எஃகு மேசையைத் தூய்மைப்படுத்துவதற்கென்றே வையுங்கள். கிருமிநாசினியான ஹைப்போகுளோரைட் கரைசலை அதில் ஊற்றிவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். எஃகும் புள்ளி புள்ளியாக அரிக்கும். வென்டிலேட்டரை மேசையில் ஏற்றாமல் அதன் வண்டியிலேயே சோதிப்பதுதான் நடைமுறை என்பதால், அதற்கு மேசையை விடச் சுவரோரத்தில் காலியிடமும் ஆக்சிஜன், அழுத்தக் காற்று இணைப்புகளும்தான் தேவை. சால்டரிங் மேசை அங்கிருந்து தள்ளியே இருக்கட்டும். எண்ணெயும் கிரீஸும் ஆக்சிஜன் இணைப்புகளின் பக்கமே போகக் கூடாது. ஒவ்வொரு மேசைக்கும் தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கேளுங்கள். இல்லையென்றால் ஒருவர் மேசையில் பழுதான கருவி டிரிப் செய்யும்போது நால்வரின் வேலையும் நின்றுபோகும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. லாமினேட் மேசை மூன்று, தொட்டியுள்ள எஃகு மேசை ஒன்று என மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். கொள்முதல் அலுவலர் நம்பவில்லை. அவரையே அழைத்துவந்து இரண்டு மேசைகளிலும் அளந்து காட்டிய பிறகே கையெழுத்திட்டார். சக்ஷன் மெஷினில் ரப்பர் காலைப் பொருத்திய பின்பும் மர மேசையில் 610 மாறவில்லை. அடுத்து மோட்டாரின் மின்காப்பைச் சோதிக்கிறோம்.