வரிசை என்ற சொல்லிடம் நான் மாட்டிக்கொண்ட இடங்கள்

தமிழ்வழியில் பயிலும் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிவைக்கும் அணிகள் பாடத்தில் வைத்த ஒரு சிறு தேர்வில், கிடையாக மூன்று நிரைகளும் செங்குத்தாக இரண்டு நிரல்களும் கொண்ட ஓர் அணியைக் கொடுத்து அதன் வரிசையைக் கேட்டிருந்தேன். விடை 3 × 2. ஏழெட்டுப் பேர் வெறும் 3 என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் அவர்களில் ஒரு மாணவியை எழுப்பிக் கேட்டபோது, நிரைகளின் மேல் விரலை ஓட்டி, "மூணு வரிசைதானே சார் இருக்கு?" என்றாள். திரையரங்கின் முதல் வரிசை, பேருந்தின் கடைசி வரிசை என்றே கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கிடையாக அமைந்திருப்பதுதான் வரிசை. பாடநூலோ அதற்கு நிரை என்று பெயரிட்டுவிட்டு, வரிசை என்ற சொல்லை அணியின் அளவைக் குறிக்க எடுத்துக்கொண்டது. அவளுக்கு அரை மதிப்பெண் போட்டேன்.

மேல்நிலை வகுப்பில் இச்சொல்லுக்கு இன்னொரு பொருள் காத்திருக்கிறது. வகைக்கெழுச் சமன்பாட்டில் இரண்டாம் வகைக்கெழுவே மிக உயர்ந்தது என்றால் சமன்பாட்டின் வரிசை 2. இதை ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டிருந்தபோது விலங்கியல் ஆசிரியர், உயிரின வகைப்பாட்டில் பூனையும் நாயும் கார்னிவோரா (ஊனுண்ணிகள்) என்னும் ஒரே வரிசையில் அடங்குவதைச் சொன்னார். அதே படிநிலையைத் தாவரவியல் பாடநூல் துறை என்கிறது; இலங்கைப் பாடநூல்களில் அது வருணம். ஆங்கிலத்தில் இவை எல்லாமே order தான். வேதியியலாரோ வினையின் வேகத்தைப் பேசும்போது அந்த order-க்கு வரிசையை அண்டவிடாமல் வினைவகை என்று தனியே ஒரு சொல் வைத்துக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்றுப் பொறாமைதான்.

மகளைப் பாட்டு வகுப்பில் சேர்த்தபோது அங்கேயும் வரிசைதான் முதலில் வந்தது. மாயாமாளவகௌளை ராகத்தில், சுரங்களை ஏறியும் இறங்கியும் பாடும் சரளி வரிசை. பிறகு ஒவ்வொரு சுரத்தையும் இரட்டித்து, சச ரிரி கக மம என்று பாடும் ஜண்டை வரிசை. இவை என் கணித மனத்துக்கு இசைவாகவே இருந்தன. சுரங்கள் இடையில் உள்ளவற்றைத் தாண்டித் தாண்டிச் செல்லும் தாட்டு வரிசை தொடங்கியபோதுதான், இதை எப்படி வரிசை என்பது என்று வாய்விட்டுக் கேட்டேன். "தாண்டுறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு சார்" என்று ஆசிரியை சிரித்தார்.

இவற்றையெல்லாம் கடந்தபின் அக்கா மகளின் காதணி விழாவில்தான் உண்மையாகவே அகப்பட்டுக்கொண்டேன். தாய்மாமன் என்ற முறையில் 21 தட்டுகள் சீர் கொண்டு சென்றிருந்தேன். மண்டப வாசலில் அக்காவின் மாமியார் என்னை நிறுத்தி, "வரிசை எத்தனை தம்பி?" என்றார். பந்தலில் போட்டிருந்த நாற்காலிகளை ஒருமுறை பார்த்து எண்ணிவிட்டு, "பன்னிரண்டு அம்மா" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "ஒத்தப்படையாக் கொண்டாரணும்னு வீட்ல ஒருத்தரும் சொல்லலையா?" என்று அவர் கேட்ட பிறகே, அவர் கேட்டது தட்டுகளின் எண்ணிக்கை என்று எனக்கு உறைத்தது. அதற்குள் செய்தி சமையற்கட்டு வரை போய்விட்டது. மஞ்சளும் குங்குமமும் முன்னே, பூவும் பழமும் அடுத்து, பட்டும் நகையும் பின்னே என்று மேளத்துடன் தட்டுகள் உள்ளே வந்தபோது அவரே ஒவ்வொன்றாக எண்ணி, 21 என்று உறுதிசெய்துகொண்ட பின்னரே அமைதியானார்.

இதைக் கேட்ட எங்கள் தமிழாசிரியர், மலையமான் திருமுடிக்காரியைப் பார்த்துக் கபிலர் பாடிய புறநானூற்றின் 121ஆம் பாட்டை எடுத்துக் காட்டினார். "வரிசை அறிதலோ அரிதே, பெரிதும் ஈதல் எளிதே" என்று அதில் வருகிறது. அள்ளிக் கொடுப்பது எளிது, வருபவரின் தகுதியை அறிந்து கொடுப்பதே அரிது என்று சொல்லி, புலவர்களை ஒரே தரமாகப் பார்க்காதே என்று அரசனிடம் கேட்டுக்கொள்கிறார் கபிலர். இங்கே வரிசை என்பது தகுதி, மதிப்பு. அந்த அம்மா வாசலில் என்னை நிறுத்திக் கேட்டதிலும் இந்தப் பொருள் பாதிக்கு மேல் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன். எத்தனை தட்டு என்பதோடு, பெண் பிறந்த வீட்டின் மதிப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறார்.

அக்கா வீட்டுப் பிள்ளைகள் இன்றுவரை என்னைப் "பன்னெண்டு வரிசை மாமா" என்றே அழைக்கிறார்கள்.