ஆராய்ச்சிக் குழுவிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டு மாட்டிக்கொண்ட கதைகள்

சோலைக்குருவி:
மூன்று வருடமாக உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். அவலாஞ்சிப் பக்கம் ஒரு சோலையில் மரம் அளக்கும் குழுவுக்கு மொபைல் ஆப். ஊட்டியில், ஹீட்டர் போட்ட அறையில், இரண்டே மணி நேரத்தில் தேவைகளைப் பேசி முடித்தோம். மர எண், இனம், சுற்றளவு, தேதி. "எதையும் காலியா விட முடியாத மாதிரி பண்ணுங்க, பசங்க ஏமாத்துவாங்க" என்றார் தலைவர். எல்லாக் கட்டத்தையும் கட்டாயமாக்கினேன்.

ஆறு மாதம் கழித்து டேட்டாவைத் திறந்தால் சோலை முழுக்க அக்ரோனைச்சியா. அந்த மரம் அங்கே உண்டுதான், ஆனால் இவ்வளவா? அப்புறம்தான் காட்டுக்குப் போனேன் (முதலிலேயே போயிருக்க வேண்டும், தெரியும்). மூடுபனி, தூறல். அளக்கிற அண்ணன் கழுத்தில் நூல் கட்டிய பென்சில் இன்னும் தொங்குகிறது. ஈர விரலால் திரையைத் தொட்டால் அது வேறெங்கோ ஓடுகிறது. விரலைச் சட்டையில் துடைக்கிறார், சட்டையும் ஈரம். மரத்தைப் பார்த்தால் பட்டையெல்லாம் பாசி, மேலே இலை தெரியவில்லை. "இது என்னன்னு தெரியல தம்பி. தெரியலன்னா எதை அமுக்கணும்?" நான் வாயைத் திறப்பதற்குள் பட்டியலில் முதலில் இருந்ததை அமுக்கிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். ஆங்கில அகரவரிசைப் பட்டியல். முதல் பெயர் அக்ரோனைச்சியா.

மலைப்பூண்டு:
எனக்கு மழை. கொடைக்கானல் மேல்மலையில் ஓடைகளை ஆராயும் குழு. தானியங்கி மழைமானி ஒன்று, பக்கத்திலேயே பெரியவர் ஒருவர் கையால் அளப்பது ஒன்று. இரண்டும் ஒத்துப்போகவே இல்லை. ஒத்துப்போகாத நாளில் பெரியவர் எழுதியதைச் சிவப்பில் காட்ட வசதி செய்து கொடுத்தேன். ஐப்பசி முழுக்கச் சிவப்பு. கடைசியில் அவரே நோட்டோடு வந்தார். "நேத்து சாயங்காலம் பெஞ்சதை இன்னைக்குத் தேதியிலதானே சார் எழுதணும்?" வானிலைத் துறை முறையில் மழை நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, முடிகிற நாளின் தேதியில்தான் பதிவு. நான் நள்ளிரவுக்கு நள்ளிரவு கூட்டி வைத்திருந்தேன். ஒரு மாதம் அந்த மனிதரைத் தப்புக்காரராக்கியது என் நிரல். ஒரு டீ கூட வாங்கிக் கொடுக்காமல் மலை இறங்கிவிட்டேன்.

முன்னாள் ஆய்வாளன்:
சோலைக்குருவி, தப்பு கட்டாயக் கட்டத்தில் இல்லை. கட்டாயம் இல்லாவிட்டால் பாதி காலியாக வரும், அதையும் பார்த்தவன் நான். பட்டியலில் "தெரியவில்லை" என்று ஒரு வரி இல்லாததுதான் தப்பு. என் கதை சின்னது: எங்கள் ஆப்பில் "விட்டம்" என்று தலைப்பு, பையன்கள் டேப்பில் வந்த சுற்றளவை அப்படியே போட்டார்கள். அடிப்பரப்பு, அதாவது தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு, கிட்டத்தட்ட 10 மடங்கு வந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். "என்ன வேணும்" என்று எங்களிடம் கேட்காதீர்கள், "எக்செல் மாதிரி" என்றுதான் சொல்வோம். போன வாரம் செய்த வேலையை முதலிலிருந்து செய்து காட்டச் சொல்லுங்கள். பழைய நோட்டை வாங்கி ஓரத்தில் கிறுக்கியதைப் படியுங்கள். "யானை, திரும்பிட்டோம்", "மர எண் தகடு காணோம்" என்றெல்லாம் இருக்கும். அவைதான் நீங்கள் வைக்க மறந்த கட்டங்கள். சரிவில் நிற்கும் மரத்தில், சுற்றளவு அளக்க வேண்டிய 1.3 மீட்டர் உயரத்தை மேட்டுப் பக்கத்திலிருந்து எடுப்பதா, பள்ளத்திலிருந்தா என்று கேளுங்கள். குழுவுக்குள்ளேயே சண்டை வரும், வரட்டும். ஒரு மதிப்பைத் திருத்தினால் பழையது அழியக் கூடாது, யார் எப்போது திருத்தினார் என்பதும் நிற்க வேண்டும். பிஎச்டி முடித்துப் போகிறவரின் பாஸ்வேர்டை அவர் பஸ் ஏறுமுன் வாங்கிவிடுங்கள். சிக்னல் இல்லாமலும் ஆப் ஓட வேண்டும். காட்டுக்குப் போனால் அட்டைக்கு உப்பும் மூக்குப்பொடியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி டீ:
எல்லாம் சரி சார். அந்த ஹீட்டர் அறைக்கு அளக்கிற அண்ணனை யாராவது கூப்பிட்டார்களா? கூப்பிட்டிருந்தாலும் தலைவர் முன்னால் வாயைத் திறந்திருப்பாரா?

சோலைக்குருவி:
கூப்பிடவில்லை. வாசலில் ஜீப்புக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார், நானே டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். உப்பு எடுத்துப் போயிருந்தேன் சார், காலுக்கு. அட்டை ஏறியது கழுத்தில்.