அப்பா மிதிச்சது பிரேக்கா, ஆக்சிலேட்டரா?

சுமதி_கோவை:
போன வாரம் எங்க வாசல்ல நடந்தது. அப்பாவுக்கு 68 வயசு, ஆட்டோமேட்டிக் பெட்ரோல் கார். ரிவர்ஸ் எடுத்து டிரைவ்ல போட்டதும் வண்டி உறுமிக்கிட்டுப் பாஞ்சு எதிர் வீட்டு காம்பவுண்டைப் பேத்துடுச்சு. நல்லவேளை, குறுக்க யாரும் இல்ல. "பிரேக்கைத்தான் மிதிச்சேன், மிதிக்க மிதிக்க வேகம் கூடுச்சு"ன்னு சாதிக்கிறார். சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் போட்டுப் பாத்துட்டு, "வண்டியில கோளாறு இல்ல மேடம், ஐயா பெடல் மாத்தி மிதிச்சிருப்பார்"னு முடிச்சுட்டாங்க. அன்னையிலேர்ந்து அப்பா சாவியைத் தொடறதில்ல. வண்டி தானா பாயுமா, பாயாதா?

பழைய_பியட்:
"மிதிக்க மிதிக்க வேகம் கூடுச்சு". பதில் அதுலயே இருக்கும்மா. 1980-கள்ல அமெரிக்காவுல ஆடி 5000 காருக்கு இதே புகார்தான். 1986-ல ஒரு டிவி நிகழ்ச்சியில பெடல் தானா இறங்கறதைக் காட்டினாங்க. கியர்பாக்ஸுக்கு வெளியிலிருந்து காற்றழுத்தம் கொடுத்துச் செஞ்ச வித்தைன்னு பிறகுதான் தெரிஞ்சது. அதுக்குள்ள விற்பனை படுத்துருச்சு: 1985-ல 74 ஆயிரம், 1991-ல 12 ஆயிரம். அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறை 1989-ல சொன்ன காரணம் கால் மாறினதுதான். பிரேக் மிதிச்சாத்தான் பார்க்லேர்ந்து லீவர் நகரும்ங்கிற பூட்டு இன்னைக்குப் பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்கள்ல இருக்கறது அதனாலதான்.

மாறன்_எம்பெடட்:
பாதியை முழுங்கிட்டீங்க சார். அதே அறிக்கைல, ஐடில் வேகத்தை, அதாவது பெடலை மிதிக்காதப்ப எஞ்சின் ஓடற வேகத்தை, சீராக்கற பாகம் கோளாறாகி வண்டி லேசா துள்ளும், அந்தத் திடுக்கிடல்ல கால் மாறும்னும் இருக்கு. தொடங்கி வச்சது வண்டி, பழி மட்டும் காலுக்கு!
இப்ப பெடலை எஞ்சினோட இணைக்கற கேபிளும் கிடையாது. பெடல் சொல்றதைக் கம்ப்யூட்டர் கேட்டு திராட்டிலை, அதாவது எஞ்சினுக்குக் காத்து விடற கதவை, திறக்குது. 2007-ல ஒக்லஹோமாவுல 2005 டொயோட்டா கேம்ரி ஒண்ணு நிக்காம ஓடி, கூட வந்த ஒரு பெண் இறந்தாங்க. ஹேண்ட்பிரேக் இழுத்த டயர்த் தடம் ரோட்டுல இருந்துச்சு. மைக்கேல் பார்ங்கிற நிபுணர் அந்த மென்பொருளைப் பிரிச்சுப் பாத்துட்டு, மெமரியில ஒரே ஒரு பிட் (0 இல்ல 1) புரண்டாலும் திராட்டிலைக் கவனிக்கற மென்பொருள் பகுதி செத்துப்போகலாம்னு சாட்சி சொன்னார். 2013-ல ஜூரி டொயோட்டாவுக்கு எதிரா 30 லட்சம் டாலர் தீர்ப்பு கொடுத்துச்சு.

பழைய_பியட்:
ஜூரி என்ன ஆய்வுக்கூடமா தம்பி? நாசா 10 மாசம் உக்காந்து அந்த எலக்ட்ரானிக்ஸைக் குடைஞ்சு, அப்படிப் பாய வைக்கிற கோளாறு எதுவும் கிடைக்கலன்னு 2011-ல சொல்லிடுச்சே.

மாறன்_எம்பெடட்:
கிடைக்கல, இல்லவே இல்லன்னு அவங்களே சொல்லல. மெமரிக்குப் பிழைதிருத்தும் பாதுகாப்பு இருக்குன்னு நம்பித்தான் நாசா கணக்குப் போட்டுச்சு. அது இல்லன்னு மைக்கேல் பார் கோர்ட்டுல சொன்னார். அப்புறம் இந்த ஸ்கேனர் படிக்கறதே வண்டி கம்ப்யூட்டர் எழுதி வச்சதைத்தான்... சந்தேகம் யார் மேலயோ அவங்களையே சாட்சிக்குக் கூப்பிடற மாதிரி.

கிளட்ச்_கணேசன்:
நான் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். ரெண்டு பேரும் மேல மேலயே பறக்கறீங்க, கொஞ்சம் தரையைப் பாருங்க. 2009 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல சான் டியேகோ பக்கம் டொயோட்டாவோட லெக்ஸஸ் கார் ஒண்ணு. சர்வீஸுக்கு விட்ட காருக்குப் பதிலா டீலர் கொடுத்தது. வேற மாடல் ரப்பர் மேட்டைப் போட்டிருந்தாங்க, பெடல் அதுல மாட்டிக்கிச்சு. ஓட்டினவர் ஹைவே போலீஸ்காரர். ஓட்டத் தெரியாதவர்னு சொல்ல முடியுமா? நாலு உயிர் போச்சு. முன்னாடி அதே காரை எடுத்தவர் மேட் சிக்குதுன்னு டீலர்கிட்டயே சொல்லியிருக்கார். யார் காதுலயும் ஏறல. மேட்டும், மிதிச்ச இடத்துலயே ஒட்டிக்கிற பெடலும். இந்த ரெண்டையும் மறைச்சதுக்குத்தான் 2014-ல டொயோட்டா 120 கோடி டாலர் கட்டினாங்க. சாஃப்ட்வேருக்கு இல்ல, மாறன்.
டீசல்னா வேற பேய். எஞ்சினுக்குக் காத்தை அழுத்தித் தள்ளற டர்போவோட சீல் போனா எஞ்சின் தன் ஆயிலையே குடிச்சு அலறும், சாவியை எடுத்தாலும் நிக்காது.
சுமதிம்மா, எப்பவாச்சும் பாஞ்சா பிரேக்கை ஒரே மிதியா அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. விட்டு விட்டு மிதிச்சா, திராட்டில் முழுசா திறந்திருக்கறப்ப பிரேக் மிதிக்கு பலம் கூட்டற பூஸ்டர்ல வேக்குவம் தீர்ந்து பெடல் கல்லாயிடும். கூடவே நியூட்ரல். எஞ்சின் கத்தட்டும், விடுங்க. பட்டன் ஸ்டார்ட் வண்டியை ஓடறப்ப தட்டினா அணையாது, அழுத்திப் பிடிக்கணும். முதல்ல மேட்டைப் பாருங்க.

சுமதி_கோவை:
பாத்தேன். கம்பெனி மேட்டுக்கு மேல கடையில வாங்கின கனமான மேட் ஒண்ணு கிடக்கு. எஞ்சினை அணைச்சுட்டு அப்பா செருப்போட உக்காந்து முழுசா மிதிச்சுப் பாத்தார். நாலு தடவையில ஒரு தடவை ஆக்சிலேட்டரோட அடி விளிம்பு மேட்ல சிக்குது. வீடியோ எடுத்து வச்சிருக்கேன். பழைய பியட் சார், பெடல் மாத்தினார்னு சொன்னதை வாபஸ் வாங்கறீங்களா?

பழைய_பியட்:
மாட்டேன். பெடல் சிக்கினாலும், வாசல்லேர்ந்து கிளம்பற வண்டியைப் பிரேக் நிறுத்தியிருக்கும். தவிர, முழுசா மிதிச்சாத்தானே சிக்குது? வாசல்ல டிரைவ் போட்டு யார் ஆக்சிலேட்டரை முழுசா மிதிப்பாங்க? முதல் மிதி யாரோடது?
மேட்டைத் தூக்கி வெளிய போடும்மா.

கிளட்ச்_கணேசன்:
கடைசி வரியில மட்டும் சாரோட ஒத்துப்போறேன்.