ஜேம்ஸ்டவுன் ரிப்போர்ட்: கொஞ்சம் கை கொடுங்க

எல்லாருக்கும் வணக்கம். வர்ஜீனியாவுல இருக்கோம், பொண்ணு அஞ்சாவது படிக்கிறா. ஜேம்ஸ்டவுன் (ஆங்கிலேயர் அமெரிக்காவுல வந்து முதல்ல நிலைச்ச ஊர்) குடியேற்றம் பத்தி ரிப்போர்ட் எழுதி, கிளாஸ்ல பேசவும் சொல்லியிருக்காங்க. 1607ல வந்து இறங்கினது, ஜான் ஸ்மித், போகஹான்டஸ், ஜான் ரால்ஃபோட புகையிலை எல்லாம் எழுதியாச்சு. அது எல்லாப் பிள்ளைங்களும் எழுதுறதுதான்.

சிக்கல் 1609-10 குளிர்காலம். கோட்டைக்குள்ள பட்டினி. குதிரை, நாய், எலி, கடைசியில ஷூ தோல் வரைக்கும் தின்னிருக்காங்க. 2012ல அங்க தோண்டினப்போ சுமார் 14 வயசுப் பொண்ணோட மண்டையோடு கிடைச்சுது, அதுல வெட்டுத் தடங்கள். செத்தவளைத் தின்னிருக்காங்கன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. இதைச் சின்னப் பிள்ளைங்க முன்னாடி பேசலாமா? டீச்சரா இருக்கிற அக்காமார் சொல்லுங்க. ஒரு வரியோட நிறுத்திக்கலாம்னு எனக்குத் தோணுது, அவ படமே போடணும்ங்கிறா!

வந்தவங்க சோம்பேறிங்க, அதான் பட்டினின்னு சிலர் எழுதுறாங்க. எனக்கு ஒப்பல. பழைய மரங்களோட வருஷ வளையங்களை வச்சுப் பார்த்தா 1606லேர்ந்து 1612 வரை கடும் வறட்சி. அங்கயே வாழ்ந்த பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களுக்கே சோளம் பத்தியிருக்காது, இவங்களுக்கு எங்கேர்ந்து கொடுக்கிறது? அவங்க தரப்பைப் பிள்ளைக்குப் புரியுற மாதிரி சொல்ற புத்தகம் ஏதாவது தெரியுமா? கைக்குக் கிடைக்கிறதெல்லாம் ஆங்கிலேயர் எழுதி வச்சதுதான்.

அப்புறம், முக்கோணக் கோட்டை மாடலும் வேணுமாம். ஐஸ் குச்சியில வேலி கட்டினா மூலையில பிரிஞ்சுக்குது. செஞ்சு பார்த்தவங்க வழி சொல்லுங்க, அடுத்த வெள்ளிக்கிழமை கொடுக்கணும்.