சங்கத்து மென்பொருளைத் திறமூலமாக்கலாமா?

முருகேசன் (செயலாளர்): அனைவருக்கும் வணக்கம். நம் குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணமும் புகார்களும் பதிவாகும் மென்பொருளைத் திறமூலமாக, அதாவது அதன் நிரலை யாரும் பார்த்து, மாற்றி, பயன்படுத்தும்படி, வெளியிடலாமா என்று அதை எழுதிய கவிதா கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். கருத்தை இங்கே சொல்லுங்கள்.

ராஜகோபால்: எனக்கு உடன்பாடில்லை. யார் எவ்வளவு பாக்கி, யாருடைய கைப்பேசி எண் என்ன என்பதை ஊரறியப் போடுவதா?

கவிதா: ஐயா, வெளியே போவது நிரல், அதாவது மென்பொருளை இயக்கும் கட்டளைகள் மட்டும்தான். பெயரும் எண்ணும் பாக்கியும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை.

ராஜகோபால்: பூட்டின் அமைப்பு தெரிந்தால் திருடனுக்கு வேலை சுலபம்தானே அம்மா?

கவிதா: கெர்க்காப்ஸ் என்ற டச்சு அறிஞர் 1883இலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார் ஐயா. ராணுவச் சங்கேத முறை எதிரியின் கையில் சிக்கினாலும் கேடு வரக் கூடாது, சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்றார். இன்றைய பாதுகாப்புத் துறை அதன்மேல்தான் நிற்கிறது.

ஆரிப்: நானும் திறமூலத்தின் பக்கம்தான். ஆனால் திறந்துவிட்டால் தானாகப் பாதுகாப்பு வந்துவிடாது. இணையத் தொடர்பைச் சங்கேதமாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல நிரல் எல்லோர் கண்முன்னும் இருந்தது. ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை அதில் 2012 முதல் 2014 வரை கிடந்தது. யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும்.

கவிதா: உண்மைதான் ஆரிப். 2024இல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறமூல நிரலில் ஒருவர் திருட்டுக் கதவு வைத்தார். சர்வரில் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். மூடிய நிரலாக இருந்திருந்தால் அவர் எதைத் தோண்டியிருப்பார்?

சரோஜா: இதெல்லாம் சரி, நமக்கு என்ன ஆதாயம்? 31ஆம் தேதி நான் கட்டிய பணம் அடுத்த மாதக் கணக்கில் ஏறி, தாமதக் கட்டணம் விழுந்தது. கவிதா ஊரிலிருந்து வரும்வரை காத்திருந்தேன்.

ஆரிப்: ஆதாயமே அதுதான் அக்கா. அது ஒரு வரித் திருத்தம். நிரல் என்னிடம் இருந்திருந்தால் அன்றிரவே முடித்திருப்பேன்.

கவிதா: ஆமாம் அக்கா. நாளைக்கே நான் வீடு மாறிப் போனால் சங்கத்தின் கணக்கு யாரை நம்பி ஓடும்? இத்தனை குடும்பங்களின் வேலை என் ஒருத்தியின் மடிக்கணினியில் முடங்கிக் கிடக்கக் கூடாது. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை தன் தேவைக்காகச் செய்வித்த கோஹா மென்பொருள் 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. அதை ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான நூலகங்கள் அதில் இயங்குகின்றன. முதலில் எழுதியவர்களை மட்டுமே நம்பி அது இல்லை.

முருகேசன் (செயலாளர்): நம் உழைப்பை ஒரு நிறுவனம் எடுத்து விற்றுக் காசாக்கினால்?

கவிதா: விற்பதைத் திறமூல உரிமம் எதுவும் தடுக்காது. ஆனால் 2007இல் வந்த ஏஜிபிஎல் உரிமத்தைத் தேர்ந்தால், நிரலை மாற்றி இணையச் சேவையாக நடத்துகிறவர் அந்த மாற்றத்தைத் தன் பயனர்களுக்குத் தந்தாக வேண்டும். எம்ஐடி என்ற இன்னொரு திறமூல உரிமத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் ஏஜிபிஎல் போதும் என்கிறேன்.

ஆரிப்: ஒரு முக்கியமான விஷயம். கவிதா காட்டியபோது பார்த்தேன், குறுஞ்செய்திச் சேவையின் சாவி, அதாவது கடவுச்சொல் போன்ற ரகசியக் குறியீடு, நிரலின் பழைய பதிப்பு ஒன்றில் இருக்கிறது. கோப்பை இப்போது அழித்தாலும் பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட் என்ற கருவியின் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். சாவியையே மாற்ற வேண்டும். வரலாற்றை விட்டுவிட்டு, இப்போதைய நிரலை மட்டும் புதிய களஞ்சியமாக வெளியிட வேண்டும்.

ராஜகோபால்: சோதனைக்கென்று வைத்திருக்கும் மாதிரிப் பட்டியலில் யாருடைய எண்கள் இருக்கின்றன?

ஆரிப்: சில நம் குடியிருப்பின் உண்மையான எண்கள்தான் ஐயா. அவற்றையும் நீக்க வேண்டும்.

ராஜகோபால்: அப்படியானால் கேளுங்கள். சாவி மாற வேண்டும், மாதிரிப் பட்டியலில் கற்பனை எண்கள் மட்டும் இருக்க வேண்டும். வெளியிடும் முன் அந்தப் பட்டியலை நானே வரி வரியாகப் பார்ப்பேன். அதன்பிறகு எனக்கு ஆட்சேபணை இல்லை.

கவிதா: நிச்சயமாக ஐயா. சனிக்கிழமை மாலை கொண்டுவந்து காட்டுகிறேன்.

முருகேசன் (செயலாளர்): ராஜகோபால் சார் சொன்ன நிபந்தனைகளைத் தீர்மானத்தில் அப்படியே சேர்க்கிறேன். நிரல் எழுத உதவிய மற்ற இருவரும் சம்மதத்தை எழுத்தில் அனுப்புங்கள். நிரலின்மேல் உரிமை உங்களுக்கும் உண்டு.